திடீரென்று நினைவு நின்றுபோனால்: முதல் சில மணி நேரம்

"நான் எப்படி இங்கே வந்தேன்?" பதில் சொல்லி இரண்டு நிமிடம் ஆகாது, அதே கேள்வி அதே தொனியில் மறுபடி வரும். தன் பெயர் தெரியும், எதிரே நிற்பவரைத் தெரியும், பேச்சும் தெளிவு. புதிதாக எதுவும் மனதில் தங்காது, அவ்வளவுதான். 50 வயது தாண்டியவரிடம் இப்படிக் கண்டால் அது பெரும்பாலும் தற்காலிக முழு மறதி, மருத்துவர்கள் டி.ஜி.ஏ. என்பார்கள். ஆனால் அதை வீட்டில் முடிவு செய்யக் கூடாது. மூளையின் பின்பக்க இரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தாலும் சில சமயம் மறதிதான் முதலில் தெரியும்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பக்கவாதமாக இருந்தால், அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4.5 மணி நேரம்தான் கெடு. அது நீங்கள் மறதியைக் கவனித்த நேரத்திலிருந்து அல்ல, அவர் கடைசியாகச் சரியாக இருந்த நேரத்திலிருந்து ஓடுகிறது. வாய் கோணல், நாக்குழறல், தள்ளாட்டம் எதுவும் இல்லாவிட்டாலும் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும். வண்டியை அவரிடம் கொடுக்காதீர்கள்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரு சொட்டு இரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்த்துவிடலாம். 70 mg/dL-க்குக் கீழே இருந்து, விழுங்கவும் முடிந்தால் 15 கிராம் சர்க்கரை. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் இதே வேடம் போடும். அவர் கேள்வி கேட்பதை ஒரு நிமிடம் போனில் வீடியோ எடுங்கள். மருத்துவர் வருவதற்குள் பலர் தெளிந்துவிடுவார்கள்; பிறகு உங்கள் வாய்மொழியும் அந்த வீடியோவும்தான் சாட்சி. மறதி தொடங்குவதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதும் முக்கியம்: குளிர்ந்த நீரில் இறங்கியது, பாரம் தூக்கியது, அதிர்ச்சிச் செய்தி, உடலுறவு. கடைசியதைக் கூச்சத்தில் மறைத்துவிடுகிறார்கள், நோயை அடையாளம் காண அதுவே நல்ல துப்பு என்றாலும்.

பலர் குழம்புவது ஸ்கேனில். சி.டி. இரத்தக் கசிவைக் காட்டும். இந்த மறதியைக் காட்டாது. எம்.ஆர்.ஐ.யும் முதல் நாளில் சுத்தமாக இருக்கலாம். ஹிப்போகேம்பஸில், அதாவது புது நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதியில், கடுகளவு வெண்புள்ளி நன்றாகத் தெரிவது 24 முதல் 72 மணி நேரத்துக்குள். அது தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகாது.

ஒரு மணி நேரத்துக்குள் தெளிந்து, தூங்கி எழும்போது வந்து, திரும்பத் திரும்ப வந்தால் வலிப்பைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. சோதனை வேண்டும், முடிந்தால் தூக்கத்திலும் பதிய வேண்டும். சாதாரண ஈ.ஈ.ஜி. சரியாக இருந்தாலும் வலிப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. 24 மணி நேரம் தாண்டியும் தெளியவில்லையென்றால் அது டி.ஜி.ஏ. அல்ல, காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். தெளிந்தவரிடம் "யோசித்துப் பார்" என்று வற்புறுத்தாதீர்கள். அந்தச் சில மணி நேரம் மூளையில் பதியவே இல்லை.