சேலத்திலிருந்து பங்குக் குறிப்புகள்: ஜனவரி 2025

ஜனவரி 10, வெள்ளி

'சேலம் உருக்காலை' என்று தனியாக ஒரு பங்கு கிடையாது. அது மத்திய அரசின் எஃகு நிறுவனமான செயிலின் ஓர் ஆலை. செயிலின் லாப நட்டத்தைத் தீர்மானிப்பவை பிலாய், பொக்காரோ, ரூர்கேலா போன்ற பெரிய ஆலைகள். மேட்டூர் அருகே ஜேஎஸ்டபிள்யூ ஸ்டீல் நடத்தும் பொட்டனேரி ஆலையும் அப்படித்தான்: அந்த நிறுவனத்தின் பெரும் உற்பத்தி கர்நாடகத்தின் விஜயநகரிலும் மகாராஷ்டிரத்தின் டோல்வியிலும் நடக்கிறது. மேட்டூரோடு நேரடியாகக் கட்டுண்டது பிவிசி பிளாஸ்டிக் தயாரிக்கும் கெம்ப்ளாஸ்ட் சன்மார். அதற்கும் ஊர்ச் செய்தியை விட இறக்குமதி பிவிசி விலையைப் பார்ப்பதே உபயோகம்.

ஜனவரி 13, திங்கள் (போகி)

பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி 345 புள்ளி சரிந்து 23,086-க்கு அருகில் முடிந்தது. சிறு, நடுத்தரப் பங்குகளுக்கு அடி இன்னும் பலம். இப்படிப்பட்ட நாளில்தான் ஸ்டாப் லாஸ், அதாவது விலை குறித்த அளவுக்கு இறங்கினால் விற்றுவிடச் சொல்லும் ஆர்டர், பலருக்குக் கைகொடுக்காமல் போகிறது.

காரணம் இதுதான். டிரிகர் (ஆர்டரைக் கிளப்பிவிடும் விலை) 100, லிமிட் 99.50 என்று போட்டிருக்கிறார்கள். பங்கு காலையில் 97-ல் திறக்கிறது. டிரிகர் தட்டிவிடும், ஆர்டரும் சந்தைக்குள் போய்விடும். ஆனால் 99.50-க்கு வாங்க ஆள் இல்லாததால் அப்படியே தொங்கும், விலை 94-க்கு இறங்கினாலும். லிமிட்டை 96 என்று வைத்திருந்தால் 97-ஐ ஒட்டியே விற்றிருக்கும். லிமிட் என்பது 'இதற்குக் கீழே விற்காதே' என்ற எல்லை மட்டுமே, விற்கப்போகும் விலை அல்ல. அன்றே விற்காமல் கணக்கில் வைத்திருக்கும் டெலிவரிப் பங்குக்கு டிரிகருக்கும் லிமிட்டுக்கும் 3, 4 சதவீத இடைவெளி விடலாம். லோயர் சர்க்யூட்டில் (ஒரு நாளில் இறங்க அனுமதித்த அடிமட்ட விலையில்) பூட்டிக்கொண்ட பங்குக்கு மட்டும் எந்த ஆர்டரும் உதவாது. வாங்குபவர் வந்தால்தான் உண்டு.

மும்பைப் பங்குச் சந்தையான பிஎஸ்இ-யில் ஸ்டாப் லாஸ் மார்க்கெட் ஆர்டரை (லிமிட் இல்லாமல் கிடைத்த விலைக்கு விற்பதை) 2023 அக்டோபரிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கே லிமிட் போட்டே ஆகவேண்டும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கலுக்கு ஊரில் வங்கி மூடியிருக்கும். மும்பைச் சந்தைக்கு விடுமுறை இல்லை. 9 மணியிலிருந்து 9.08 வரை முன்திறப்பு ஆர்டர்கள், 9.15-க்கு வழக்கமான வர்த்தகம். முன்திறப்பில் ஸ்டாப் லாஸ் ஏற்காது.

ஜனவரி 16, வியாழன்

ஏற்காடு மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு சிக்னல் போய்வரும். எஸ்டேட்டுக்குள் கேட்கவே வேண்டாம். அங்கே இருப்பவர்களுக்கு, குறித்த விலை வரும்வரை காத்திருக்கும் ஜிடிடி ஆர்டர் வசதிதான்: ஒருமுறை போட்டால் பல தரகர்களிடம் ஓராண்டு வரை நிற்கும். அதில் ஒரு கண்ணி உண்டு. பங்குகள் இருக்கும் டிமேட் கணக்கில் டிடிபிஐ (விற்கும் பங்கை எடுக்கத் தரகருக்குத் தரும் நிரந்தர அனுமதி) கையெழுத்தாகவில்லை என்றால், விற்பதற்கு அன்றன்றைக்கு டிபின் என்ற ரகசிய எண்ணும் ஓடிபியும் கொடுத்து அனுமதிக்க வேண்டும். அனுமதி இல்லாத நாளில் டிரிகர் தட்டினாலும் விற்பனை நிராகரிக்கப்பட்டுவிடும். எனவே முதலில் டிடிபிஐ, அப்புறம் ஜிடிடி. வெள்ளிக்கிழமை மலையேறுமுன் ஆர்டர் பக்கத்தில் அது உயிரோடு இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். போனஸ், பங்குப் பிரிப்பு வந்தால் பழைய ஜிடிடி ரத்தாகிவிடலாம்.

ஜனவரி 17, வெள்ளி

'தரகு இல்லை' என்ற விளம்பரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு கணக்கு. 1,00,000 ரூபாய்க்கு டெலிவரியில் வாங்கி, இரண்டே மாதத்தில் 1,02,000-க்கு விற்றால்:

எஸ்டிடி எனும் பங்குப் பரிவர்த்தனை வரி இருபுறமும் 0.1 சதவீதம்: 202 ரூபாய். வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம்: 15. சந்தைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்த்து 7 அளவில். விற்ற பங்கை டிமேட் கணக்கிலிருந்து எடுப்பதற்கான டிபி கட்டணம் 15 முதல் 20. பிறகு, ஓராண்டுக்குள் விற்றதால், குறுகியகால ஆதாய வரி 20 சதவீதம், அந்த வரியின் மேல் 4 சதவீத மேல்வரியும் சேர்ந்தால் 400 ரூபாய்க்குச் சற்று மேல். எஸ்டிடியை லாபத்திலிருந்து கழிக்க முடியாது என்பது பலர் கவனிக்காத இடம். 2,000 ரூபாய் லாபத்தில் கைக்கு வருவது சுமார் 1,350.

டிபி கட்டணம் பங்கு எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல. ஒரு நிறுவனம், ஒரு நாள், ஒரு கட்டணம். 30 பங்கை மூன்று நாளாகப் பிய்த்து விற்றால் மூன்று முறை பிடிப்பார்கள்.

நட்டத்தில் விற்றதை எட்டு ஆண்டுகள் முன்னெடுத்துச் செல்லலாம், கெடு தேதிக்குள் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருந்தால். குறுகியகால நட்டத்தைக் குறுகியகால, நீண்டகால ஆதாயம் இரண்டிலும் கழிக்கலாம். நீண்டகால நட்டத்தை நீண்டகால ஆதாயத்தில் மட்டும்தான்.