ஏற்காடு: ஆறு பேர், ஒரு ராத்திரி

சேலத்திலிருந்து ஏற்காடு 30 கி.மீ. சொச்சம்தான், நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது சுலபம். சிக்கல் எல்லாம் இறங்கும்போதுதான். ஆறு பேரும் மூட்டைமுடிச்சுமாக வண்டி கனமாக இருக்கும். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிய அதே இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள், நியூட்ரல் கூடவே கூடாது. கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும். வளைவில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. இதை யாரும் மதிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

கிளியூர் அருவி மழைக்குப் பிறகுதான் அருவி, கோடையில் வெறும் பாறை. சேர்வராயன் கோயில் மேடு 1,600 மீட்டருக்கு மேல். காற்று பிய்த்துக்கொண்டு போகும், ஸ்வெட்டர் வேண்டும். லேடீஸ் சீட்டுக்கு இருட்டிய பிறகு போனால் கீழே சேலமே விளக்குகளாகத் தெரியும்.

ஞாயிறு மதியத்துக்குள் இறங்கிவிட்டால் நெரிசல் தப்பும், சேலத்தில் தட்டுவடை செட்டுக்கும் நேரம் கிடைக்கும். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி, பீட்ரூட், கேரட், வெங்காயம். பார்சல் வாங்காதீர்கள், பத்தே நிமிடத்தில் நமுத்துவிடும்.