கூழாங்கல் வளை: நகரிப் பக்கத்து நாட்குறிப்பு

ஜனவரி 11

நகரிக்குப் பக்கத்தில் ஒரு வேர்க்கடலைக் கொல்லை. வீட்டுக்குள் தமிழ், வேலிக்கு வெளியே தெலுங்கு. வளை தோண்ட வந்த இருளர் தாத்தா, வரப்பில் நாலு சுண்டெலி பிடித்துக் கொடுத்துவிட்டு, கல்லுமேட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு வளையின் வாயைச் சுற்றிப் பட்டாணி அளவில் கூழாங்கற்கள்.

"வரப்பு எலி கல்லு பொறுக்காதும்மா. இது வேற."

பிடித்துத் தடவிப் பார்த்தேன். முதுகு மயிர் பழைய டூத் பிரஷ் மாதிரி குத்துகிறது. அறிவியல் பெயர் மஸ் பிளாட்டித்ரிக்ஸ் என்று குறித்துக்கொண்டேன். வழியில் ஓடிய பெருச்சாளியைத் தாத்தா 'பந்திகொக்கு' என்றார், பன்றி எலி. ஆங்கிலத்து பேண்டிகூட் இந்தத் தெலுங்குச் சொல்லிலிருந்து போனதுதான்.

ஜனவரி 13

குரோமோசோம் எண்ணுவதற்காக எலியின் எலும்பு மஜ்ஜை எடுத்த நாள். எலியைக் கொல்வது இன்னும் பழகவில்லை. கோல்ச்சிசின் போட்டு செல் பிரிவதைப் பாதியில் நிறுத்தி, பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 37 டிகிரியில் ஊறவைக்க வேண்டும். செல் உப்பினால்தான் குரோமோசோம்கள் விலகி நிற்கும். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. டிபன் பாக்ஸில் வெந்நீர், நடுவில் குழாய், ஒரு கையில் தெர்மாமீட்டர், இன்னொரு கையில் செல்போன் வெளிச்சம். ஆறு ஸ்லைடில் நாலு பாழ்.

ஜனவரி 14

போகிப் புகை. மிச்சமிருந்த ஸ்லைடில் ஜீம்சா சாயம் ஏறி, ஊதாவில் குட்டிக் குட்டிக் கொண்டை ஊசிகளாகக் குரோமோசோம்கள். கல்லுமேட்டு எலிக்கு 26. அடுத்த செல்லிலும் 26. ஒன்றில் மட்டும் 25. செல் வெடித்ததில் ஒன்று தொலைந்திருக்கும். வரப்பில் பிடித்த மஸ் பூடுகாவுக்கு 40.

வீட்டுச் சுண்டெலிக்கும் 40தான். ஆனால் சுவிட்சர்லாந்தின் போஸ்கியாவோ பள்ளத்தாக்கில் அதே வீட்டெலிக்கு 26. பதினான்கு ஜோடி, இரண்டிரண்டாக முனையில் ஒட்டி ஏழாகிவிட்டன. சரக்கு ஏறத்தாழ அதேதான், மூட்டைதான் குறைவு. 1869இல் அதைத் தனி இனமென்றே பெயரிட்டார்கள். எனக்கு அது அவசரமாகத் தெரிகிறது. அதை 40 உள்ள எலியோடு சேர்த்தால் 33 உள்ள குட்டி பிறக்கிறது, ஓடியாடுகிறது. விந்தும் முட்டையும் உருவாகும்போதுதான் சிக்கல்: ஒட்டிய ஒன்றும் ஒட்டாத இரண்டும் மூன்றாகச் சேர்ந்து நிற்க, பங்கு பிரிப்பதில் தப்பு நடக்கிறது. குட்டிகள் குறைகின்றன. முழுச் சுவர் இல்லை, முள்வேலி. போர்ச்சுகலின் மடெய்ரா தீவில் வீட்டெலிக்கு அப்படி ஆறு கூட்டங்கள், 22 முதல் 30 வரை. எலிகள் கப்பலேறி வந்து சில நூற்றாண்டுகளுக்குள்.

ஜனவரி 16

கனுமா, நம் மாட்டுப் பொங்கல். தாத்தாவிடம் போனில் சுவிட்சர்லாந்து எலியின் படம் காட்டினேன்.

"அந்த ஊர் எலியும் கல்லு பொறுக்குமா?"

இல்லை தாத்தா, 26 ஒன்றுதான், நெருங்கின சொந்தம் கிடையாது என்றேன். அவர் ஏற்கெனவே மேட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். தோண்டிய வளைக்கு நாலடி தள்ளிப் புது வாய். பன்னிரண்டு கல்.