வயரில்லாத வி.ஆர்.: வேகம் கிடக்கட்டும், நேரத்துக்கு வருகுதா?

"ஸ்பீட் டெஸ்டில 100 எம்பிபிஎஸ் காட்டுது, பிறகேன் ஹெட்செட்டில படம் வெட்டி வெட்டி வருது?" குவெஸ்ட் (மெட்டாவின் வி.ஆர்., அதாவது மெய்நிகர், ஹெட்செட்) வாங்கிய பெடியள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். ஸ்பீட் டெஸ்ட் அளப்பது வீட்டுக்கு வரும் இணைய லைனை. கொம்பியூட்டரில் ஓடும் விளையாட்டை ஹெட்செட்டுக்கு அனுப்பும்போது அந்த லைனுக்கு வேலையே இல்லை. கொம்பியூட்டர், ரவுட்டர், ஹெட்செட், இந்த மூன்றுக்கும் இடையிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். 90 ஹேர்ட்ஸில், அதாவது செக்கனுக்கு 90 படத்தில், ஒரு பிரேமுக்கு (ஒரு படத்துக்கு) கிடைப்பது 11.1 மில்லிசெக்கன். பிட்ரேட் (செக்கனுக்கு அனுப்பும் படத் தரவு) 150 எம்பிபிஎஸ் என்றால் ஒரு பிரேம் சராசரியாக 208 கிலோபைட், அதாவது 1,400 பைட் அளவில் சுமார் 150 பக்கெற் (தரவுத் துண்டு). வைஃபை உண்மையில் 700 எம்பிபிஎஸ் தந்தால் அவ்வளவும் 2.4 மில்லிசெக்கனில் போய்ச் சேரும். 200 தான் தருகிறது என்றால் 8.3 ஆகும். 150ஐ அனுப்ப 200 தாராளம் என்று தோன்றும், ஆனால் கையில் மிச்சம் மூன்று மில்லிசெக்கனும் இல்லை. அதேநேரம் ஒரு கருவி ஒருமுறை அனுப்பத் தொடங்கினால் ஏறக்குறைய 5.5 மில்லிசெக்கன் வரை காற்றைப் பிடித்து வைத்திருக்க வைஃபை விதி இடம் கொடுக்கிறது. விறாந்தை மூலையில் சிக்னல் குறைந்த போனில் யாரோ வீடியோ பார்த்தால் உங்கள் பிரேம் பிந்துவது இப்படித்தான். தொலைந்த பக்கெற்றை வைஃபை தானே திரும்ப அனுப்பிவிடும். அதனால் பழுது பெரும்பாலும் இழப்பாகத் தெரியாது, தாமதமாகத்தான் தெரியும்.

பிந்திய பிரேமை ஹெட்செட் ஓரளவு சமாளிக்கும். தலை திரும்பினால் பழைய படத்தையே அந்தக் கோணத்துக்குத் திருப்பிக் காட்டும். மொத்தத் தாமதம் 40, 50 மில்லிசெக்கன் இருந்தும் தலை சுற்றாமல் விளையாட முடிவது இதனால்தான். கைக்கும் பக்கத்தில் நிற்கும் பொருளுக்கும் இந்த வித்தை பலிக்காது. வாளை வீசினால் வாள் பின்னால் வரும். தலையைச் சட்டெனத் திருப்பினால் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டி எட்டிப் பார்க்கும்.

வயரில்லாமல் விளையாட வேண்டுமென்றாலும் கொம்பியூட்டரிலிருந்து ரவுட்டருக்கு வயர் கட்டாயம் வேண்டும். இரண்டு பக்கமும் வைஃபை என்றால் ஒரே பக்கெற் காற்றில் இரண்டு தரம் போகும். வயரை இழுத்ததும் விண்டோஸில் லிங்க் ஸ்பீட்டைப் பாருங்கள். 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 இருந்தால் பெரும்பாலும் கிளிப் அடித்ததில் பிழை. 100 எம்பிபிஎஸ்ஸுக்குச் செம்மஞ்சள், பச்சைச் சோடிகள் போதும். நீலமும் மண்ணிறமும் சரியாகக் கடிபடாவிட்டாலும் இணையம் வழமைபோல ஓடும், ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். வி.ஆர். மட்டும் திணறும். வயர் சரியென்றால் ரவுட்டரின் துளையைப் பாருங்கள். இணைய இணைப்போடு தரும் சில பெட்டிகளில் ஒரு துளை மட்டுமே கிகாபிட், மற்றவை 100.

அந்தப் பெட்டியை நம்புவதைவிட வைஃபை 6 ரவுட்டர் ஒன்றைத் தனியாக வாங்கி, அக்செஸ் பொயின்ட் நிலையில் (வைஃபை மட்டும் தரும்படி) அதனோடு இணைப்பது நல்லது. புதியதன் 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஹெட்செட் மட்டும் இருக்கட்டும், வீட்டுப் போன்களெல்லாம் பழையதிலேயே இருக்கட்டும். பழையது 5 கிகாஹேர்ட்ஸிலும் ஓடினால் அதற்கு வேறு சனல் (அலைவரிசைக்குள் ஒரு பகுதி) கொடுங்கள், ஒரே சனலில் இரண்டு பெட்டி இருந்தால் காற்று பொதுதான். லப்டொப் ஹொட்ஸ்பொட்டை நான் பரிந்துரைப்பதில்லை. விண்டோஸ் இடையிடையே மற்ற வைஃபைகளைத் தேடப் போகும், அந்த நேரம் படம் நின்று நின்று வரும்.

சனலை ரவுட்டர் தானே தெரிவு செய்ய (ஓட்டோவில்) விடாதீர்கள். 36ஆம் சனலில் வைத்து, அகலத்தை 80 மெகாஹேர்ட்ஸாக்குங்கள். 52 முதல் 144 வரை ராடாருக்கு வழிவிட வேண்டிய சனல்கள். ராடார் போல ஏதாவது கேட்டாலே ரவுட்டர் அந்த இடத்தை விட்டு ஓடும், தாவிய புதிய சனலும் அந்த வகை என்றால் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்ட பிறகே பேசும். அகலத்தை 160 போட்டால் 36உடன் 52–64ஐயும் சேர்த்துக்கொள்ளும் என்பதால் அதே வில்லங்கம். எல்லாம் சரியாக இருந்தால் ஹெட்செட்டில் இணைப்பு வேகம் 1200 காட்டும். 866 என்றால் வைஃபை 5இல் நிற்கிறது, அதுவும் ஓடும்.

நம் யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளின் தடித்த சுண்ணாம்புக்கல் சுவருக்கு 5 கிகாஹேர்ட்ஸ் தாக்குப்பிடிக்காது. ஹோலில் ரவுட்டரும் அறையில் ஹெட்செட்டும் என்ற கதை வேண்டாம். விளையாடும் அறைக்குள்ளேயே, இரும்பு அலுமாரிக்குப் பின்னால் இல்லாமல், தலைக்கு மேல் உயரத்தில் சுவரில் மாட்டுங்கள். நீங்கள் திரும்பும்போது உங்கள் உடம்பே மறைப்பது குறையும். கரண்ட் போனால் ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் போதும், அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் அம்பியரும் ஒத்துவர வேண்டும். கொம்பியூட்டருக்குப் பெரியது வேண்டும்.

விளையாட்டைத் தொலைவிலுள்ள சேவையகத்தில் (கிளவுட்டில்) ஓடவிட்டால் என்ன என்றும் கேட்கிறார்கள். சேவையகம் சிங்கப்பூரில் என்றால் நேர்கோட்டில் ஏறக்குறைய 2,800 கி.மீ. ஃபைபரில் ஒளி மில்லிசெக்கனுக்கு 200 கி.மீ. தான் போகும், போய்வரவே 28 மில்லிசெக்கன் முடிந்துவிடும். உண்மையான பாதை இன்னும் நீளம். சென்னை இங்கிருந்து 400 கி.மீ.க்குள் என்று ஆசைப்படலாம், ஆனால் நம் பக்கெற் முதலில் தெற்கே கொழும்புப் பக்கம் போய்த்தான் கடல் தாண்டும்.

வேர்ச்சுவல் டெஸ்க்டொப் செயலியில் பெர்ஃபோமன்ஸ் ஓவர்லேயைப் போட்டால் தாமதம் கேம் (படத்தை உருவாக்க), என்கோட் (சுருக்க), நெட்வேர்க் (அனுப்ப), டிகோட் (ஹெட்செட்டில் விரிக்க) என நான்காகப் பிரிந்து தெரியும். கேம் எண் ஏறினால் கிராபிக்ஸ் காட் திணறுகிறது, ரவுட்டரைத் திட்டிப் பயனில்லை. நெட்வேர்க் எண் நிலையாக நிற்காமல் துள்ளினால் காரணம் சனல், சுவர், பக்கத்துப் போன். டிகோட் ஏறினால் பிட்ரேட் ஹெட்செட்டின் சிப்புக்கு அதிகம். என்கோட் மட்டும் ஏறுவது அரிது. ஏவி1 கோடெக் (படத்தைச் சுருக்கும் முறை) குவெஸ்ட் 3இல் உண்டு, குவெஸ்ட் 2இல் இல்லை, அதற்கு எச்.265 போதும். 100 எம்பிபிஎஸ்ஸில் தொடங்கி 20, 20 ஆக ஏற்றுங்கள். நெட்வேர்க்கோ டிகோடோ அசையத் தொடங்கியதும் ஒரு படி இறக்கி, அங்கேயே விட்டுவிடுங்கள்.