கடிதம், கிளாம்ப், பிரேக் ஆயில்: ட்ராக்கில் கார் ஓட்டப் போன அனுபவம்

சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்கு நான் முதல்முறை போனபோது கேட்டைத் தாண்டவில்லை. காலை ஆறே முக்கால் மணி. பட்டியலில் என் பெயர் இருந்தது, பணமும் கட்டியிருந்தேன். ஆனால் கார் மாமாவுடையது, ஆர்சி அவர் பெயரில். "ஓனர் கையெழுத்துப் போட்ட லெட்டர் ஒரிஜினலா வேணும் தம்பி. போன்ல போட்டோ காட்டினா ஆகாது" என்று சொல்லிவிட்டார்கள். மாமா இருப்பது திருச்சியில்.

என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று அந்த ட்ராக் டேயை, அதாவது பணம் கட்டியவர்கள் சொந்தக் காரை ட்ராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாளை, நடத்தியவர்களை இரண்டு முறை போனில் கேட்டிருந்தேன். லைசென்ஸ், ஆர்சி, ஹெல்மெட் போதும் என்றுதான் இரண்டு முறையும் பதில் வந்தது. எழுத்தில் எதுவும் இல்லாததால் என்னால் வாதாட முடியவில்லை. கட்டிய 6,500 ரூபாய் போனது போனதுதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் கணக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் அது. இன்னும் ஆறவில்லை. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கேட்பதை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். கார் அப்பா பெயரில் இருந்தாலும் ஒப்புதல் கடிதத்தைக் கையெழுத்தோடு, அவருடைய அடையாள அட்டை நகலும் வைத்து, முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

கடிதம் கேட்பதற்கு முன் மாமாவிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது. நம் சாதாரண கார் இன்சூரன்ஸ் பாலிசியைப் பிரித்துப் படித்தால், பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் பாதுகாப்பு கிடையாது என்று இருக்கும். ட்ராக்கில் காரை எங்காவது இடித்தால் மொத்தச் செலவும் நம் தலையில்தான். இதை மறைத்துக் கையெழுத்து வாங்குவது சரியில்லை. மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் செங்குன்றத்தில் வளர்ந்தவர். சோழவரம் பழைய விமானத் தளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்தவர். "இடிச்சா நீதான் கட்டணும் மாப்ளே" என்று மட்டும் சொன்னார். நான்கு நாளில் கூரியர் வந்தது.

மீண்டும் பணம் சேர்க்க ஐந்து மாதம் ஆனது. அந்த இடைவெளியில் செய்த ஒரு காரியம் நல்ல பலன் கொடுத்தது. ரேஸ் நடக்கும் வார இறுதிகளில் ட்ராக் ஓரம் நின்று கொடி காட்டும் மார்ஷல் வேலைக்குத் தன்னார்வலர்கள் தேவைப்படுவார்கள். நானும் போனேன். காலையில் கொடிகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். மஞ்சள் காட்டினால் வேகத்தைக் குறை, முந்தாதே. நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாகப் பிட்டுக்கு (வண்டிகள் நிற்கும் இடத்துக்கு) திரும்பு. இரண்டு நாள் ஒரே வளைவில் வெயிலில் நின்று, யார் எங்கே பிரேக் பிடிக்கிறார்கள், எங்கே திருப்புகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கையில் காசு இல்லாத மாணவனுக்கு இதைவிட நல்ல வகுப்பு கிடைக்காது.

இரண்டாவது முறை கடிதம் கையில் இருந்தது, கேட்டைத் தாண்டிவிட்டேன். ஆனால் ஸ்க்ரூட்டினியில், அதாவது ஓட்டுவதற்கு முன் காரைப் பரிசோதிக்கும் இடத்தில், நிறுத்திவிட்டார்கள். மாமாவின் கார் 2011 மாடல் ஆல்டோ கே10. டயர், சீட் பெல்ட், பிரேக் லைட், ஆயில் கசிவு எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, பரிசோதித்த பெரியவர் பானட்டுக்குள் கையை விட்டு பேட்டரியை ஆட்டினார். அது ஆடியது. பேட்டரியைப் பிடித்து வைக்கும் கிளாம்ப் எப்போதோ உடைந்துபோய், யாரோ சைக்கிள் ட்யூபால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். சாலையில் பல வருடம் அப்படியே ஓடியிருக்கிறது. "கார் உருண்டா இது பிடுங்கிக்கிட்டு வரும். பாசிட்டிவ் டெர்மினல் பாடியில பட்டா தீப்பிடிக்கும். மாத்திட்டு வாங்க, ஒன்பது மணி வரைக்கும் பார்க்கிறேன்" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. நண்பனின் பைக்கில் ஸ்ரீபெரும்புதூர் போய் மூன்று கடைகள் பார்த்தோம், மூன்றும் பூட்டியிருந்தன. நான்காவதாக ஒரு பேட்டரிக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். பழைய கிளாம்ப் ஒன்றும் இரண்டு நீளமான போல்ட்டும் 150 ரூபாய்க்குக் கொடுத்தார். டெர்மினலுக்கு ரப்பர் மூடியை அவராகவே கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார். எட்டு ஐம்பதுக்குத் திரும்பி வந்து மாட்டினோம். பெரியவர் மறுபடி ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டினார். அந்த ஸ்டிக்கரை நான் இன்னும் எடுக்கவில்லை.

முதல் செஷன் போய்விட்டது. இரண்டாவதில் பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று சுற்று கூட்டிப்போனார். ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். 998 சிசி காரில் நேர்ச்சாலையில் எல்லோரும் முந்திப்போவார்கள், அது பரவாயில்லை. வளைவுகளில் நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது செஷனில்தான் பயந்துபோனேன். ஐந்தாவது சுற்றில் பிரேக் மிதித்தபோது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. மீண்டும் மீண்டும் பம்ப் செய்து, கியரைக் குறைத்து, கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மெதுவாகப் பிட்டுக்கு வந்தேன். டப்பாவைத் திறந்தால் பிரேக் ஆயில் கடுங்காபி நிறத்தில் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் புது பிரேக் பேடோடு ஆயிலும் மாற்றியதாகச் சொல்லி 400 ரூபாய் வாங்கியிருந்தார்கள். மாற்றவே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பது அளவு. ஈரம் ஏறிய பிறகு அது 140 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகும், ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். டாட் 4 என்றால் புதிதில் 230, ஈரம் ஏறிய பிறகு 155. விலை வித்தியாசம் ஒரு சாப்பாட்டுக் காசுகூட இல்லை. தயவுசெய்து பக்கத்தில் நின்று மாற்றுங்கள், அல்லது நீங்களே மாற்றுங்கள்.

பக்கத்து ஷெட்டில் ஒரு அண்ணன், முகம்கூடத் தெரியாதவர், பிரிக்காத டாட் 4 பாட்டிலை நீட்டினார். நண்பன் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, நான் கீழே படுத்து, பழைய ஆயில் வெளியேற சக்கரத்தில் இருக்கும் நிப்பிளைத் திறந்து மூட, "மிதி... பிடி... விடு" என்று நான்கு சக்கரமும் முடிக்க ஒரு மணி நேரம். பெடல் கல் மாதிரி ஆனது. கடைசி செஷன் முழுவதும் ஓட்டினேன். எட்டுச் சுற்று. கொடி விழுந்ததும் ஒரு சுற்று பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிட்டு, பிட்டில் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் நிறுத்தினேன். சூட்டில் ஹேண்ட் பிரேக் இழுத்தால் பின் டிரம்மில் ஒட்டிக்கொள்ளும் என்று அந்த அண்ணன்தான் சொன்னார்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, ஃப்ளோர் மேட், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள், அவற்றைப் போட்டு வைக்க ஒரு சாக்கும் பூட்டும் கொண்டுபோங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டையும் மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூவும் போதும். ஹெல்மெட் முகத்தை முழுதாக மூடுவதாக இருக்கட்டும். சைலன்சர், ஏர் ஃபில்டர் என்று யார் ஆசை காட்டினாலும் முதல் வருடம் ஒரு ரூபாய் போடாதீர்கள். பேடு, ஆயில், டயர். அவ்வளவுதான்.

சாயங்காலம் மாமாவுக்குப் போன் செய்து, கார் கீறலில்லாமல் இருக்கிறது என்றேன். பேட்டரி விஷயத்தையும் சொன்னேன். சைக்கிள் ட்யூப் கட்டியது அவர்தானாம். கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த தடவை லெட்டர் அனுப்பல மாப்ளே, நானே வர்றேன்" என்றார்.