யிட்ரியம் 78

"சார், யிட்ரியம் 78தான் வந்திருக்கு. கரெக்‌ஷன் போட்டாச்சு, அனுப்பிடலாமா?"

வேண்டாம், டைல்யூட் பண்ணி மறுபடி ஓட்டுங்க என்றேன். ஒவ்வொரு சாம்பிளிலும், ஒப்பிட வைத்திருக்கும் அளவு தெரிந்த கரைசலான ஸ்டாண்டர்டிலும் கொஞ்சம் யிட்ரியம் சேர்த்து, அதில் எத்தனை சதவீதம் கருவியில் தெரிகிறது என்று பார்ப்போம். அது குறைந்த விகிதத்தில் மற்ற உலோகங்களின் எண்ணை ஏற்றுவதுதான் கரெக்‌ஷன். எங்கள் வரம்பு 80 முதல் 120 சதவீதம். பேச்சு அதோடு முடிந்திருக்கலாம். என் ஜூனியர் விடவில்லை. "எப்படியும் சாம்பிளில் 98 சதவீதம் கழிவுக்குத்தான் போகுது. மிச்சம் ரெண்டை வச்சு ரிப்போர்ட் போடுறோம். அதை நம்பலாம், கரெக்‌ஷனை நம்பக் கூடாதா?"

உப்பு கனத்த சாம்பிள் அது. ஐசிபியில், அதாவது சாம்பிளைச் சூடான ஆர்கான் பிளாஸ்மாவில் விட்டு உலோகங்களை அளக்கும் கருவியில், நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 மில்லி உள்ளே போகிறது, நெபுலைசர் நுனியில் ஆர்கான் அதை நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. சுமார் 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துளிகளை ஸ்ப்ரே சேம்பர் கழித்துவிடும். பிளாஸ்மாவில் கிடைக்கும் சில மில்லிசெகண்டில் பெரிய துளி காய்ந்து, ஆவியாகி, அணுவாக நேரம் போதாது. வீணாவதெல்லாம் தெரிந்தே வீணாக்குவதுதான்.

"ரெண்டு சதவீதம்ங்கிறது பிரச்னை இல்ல. ஸ்டாண்டர்டுக்கும் சாம்பிளுக்கும் அதே ரெண்டா இருக்கணும்," என்றேன்.

"இல்லைன்னுதானே சார் யிட்ரியம் சொல்லுது? எவ்வளவு குறைஞ்சுதுன்னும் சொல்லுதே?"

எல்லாவற்றிலும் ஒரே அளவு யிட்ரியம் சேர்ப்பது அதற்காகத்தான். "ரூல் ரூல்தான்மா" என்று முடித்துக்கொண்டேன். சரியான பதில் இல்லாதபோது வரும் பதில் அது. ஆனால் நெபுலைசரைக் கழற்றிப் பார்த்தபோது நுனியில் வெள்ளையாக உப்பு படிந்து, துவாரத்தின் ஒரு ஓரம் பாதி மூடியிருந்தது. ஸ்ப்ரே ஒருபக்கமாகச் சாய்ந்துதான் போயிருக்கும். நிறுத்தியது சரிதான் என்று அப்போது தோன்றியது.

பத்து மடங்கு டைல்யூட் செய்து ஓட்டியதில் யிட்ரியம் 96. ஈயமும் காட்மியமும் முன்பு கரெக்‌ஷன் போட்டு வந்த எண்ணிலேயே வந்து நின்றன. அவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. துத்தநாகம் மட்டும் கூடுதலாக வந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்: வழியில் எவ்வளவு தொலைந்தது என்பதை யிட்ரியம் சொல்லும், பிளாஸ்மாவுக்குள் உப்பிலிருக்கும் சோடியம் செய்யும் வேலை எல்லா லைனுக்கும் (ஒவ்வொரு தனிமத்தையும் அளக்கும் ஒளிக்கோடு) ஒன்றாக இருக்காது, அதற்கு யிட்ரியம் சாட்சி ஆகாது. இதில் தப்பில்லை. ஆனால் துத்தநாகம் கையுறையிலிருந்தும் வரும், ட்யூபிலிருந்தும் வரும். டைல்யூட் செய்யும்போது ஒட்டிக்கொண்ட கொஞ்சமும் பத்தால் பெருகும். சாம்பிள் சேர்க்காத வெறும் கரைசலான ப்ளாங்க் சுத்தமாகத்தான் இருந்தது. ப்ளாங்க் இருந்த ட்யூப் வேறு, சாம்பிள் இருந்த ட்யூப் வேறு.

டைல்யூட் செய்த எண்ணையே ரிப்போர்ட்டில் போட்டோம். அன்று யிட்ரியம் 81 வந்திருந்தால் நுனியைத் திரும்பிப் பார்த்திருப்பேனா? துத்தநாகமும் பழைய எண்ணிலேயே போயிருக்கும். அந்த மூன்று புள்ளியில் நெபுலைசருக்கு என்ன தெரியும்? எங்கோ ஒரு கோடு போடத்தான் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்போதெல்லாம் 80-க்குக் கீழே வந்தால் அவர் கேட்பதே இல்லை, தானே டைல்யூட் செய்துவிடுகிறார். நான் சொன்னபடிதான் செய்கிறார். ஆனாலும் அது எனக்குப் பிடிக்கவில்லை.