கீழூருக்கும் ஒரு எட்டு போய்விட்டு வாருங்கள்

புதுச்சேரிக்குப் போகிற எல்லாரும் மஞ்சள் சுவர் ஓரம் நின்று படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். பிரெஞ்சு ஆட்சி போதும் என்று ஓட்டுப் போட்டு முடிவெடுத்த இடமான கீழூர் பக்கத்திலேயே இருக்கிறது. நான் போனபோது அங்கே என்னைத் தவிர ஒருவரும் இல்லை. இது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

வில்லியனூர் வரை பஸ், செலவு பெரிதாக இல்லை. அங்கிருந்து ஆட்டோ. போக வர 250 ரூபாய் என்று பேசித்தான் ஏறினேன். திரும்பி வந்து இறங்கியதும் வெயிட்டிங் சார்ஜ் என்று சொல்லி 400 கேட்டார். அரை மணி நேரம் நின்றதற்கு 150 ரூபாயா? நடுத்தெருவில் வாக்குவாதம் செய்து 350 கொடுத்தேன். கையில் மிச்சமிருந்த காசுக்கு ஒரு சின்ன மெஸ்ஸில் சங்கரா மீன் குழம்பு கிடைத்தது. மாங்காய் போட்டு, எண்ணெய் மேலே மிதக்க, சுடச்சுட. இரண்டாம் முறை சோறு வாங்கிய பிறகுதான் கோபம் இறங்கியது.

சரி, கீழூருக்கு வருகிறேன். சின்ன கிராமம், அதில் ஒரு நினைவிடம். 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் இங்கே கூடினார்கள். இந்தியாவோடு இணைய 170 ஓட்டு, எதிர்த்து 8. மாஹேயும் ஏனாமும் அதற்குச் சில மாதம் முன்பே பிரெஞ்சுக்காரர் கையை விட்டுப் போயிருந்தன. நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. ஆனால் சட்டப்படி முழுசாக முடிய 1962 ஆகஸ்ட் 16 வரை இழுத்தது.

வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த சந்திரநாகூரில் 1949-இல் மக்களே நேராக ஓட்டுப் போட்டார்கள்: இணைய 7,473, எதிராக 114. புதுச்சேரிக்காரர்களுக்கும் 1948-இல் பிரெஞ்சு அரசு அப்படித்தான் வாக்குறுதி தந்தது, நடத்தவில்லை. மில் தொழிலாளிகள் 1936-லேயே துப்பாக்கிச் சூட்டில் உயிரை விட்ட ஊர் இது. இந்த ஊர் மக்களையும் நேராகக் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. அதற்காகக் கீழூர் ஓட்டின் மதிப்பு எனக்குக் குறைந்துவிடவில்லை.

ஆகஸ்ட் 16 அன்று போனால் அங்கே கொடியேற்றி விழா நடக்கும். ஆட்டோ பேசும்போது மட்டும் காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்தே பேசிவிடுங்கள்.